அந்தப் பக்கத்து ஆளுக

கடற்படை அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. நீலம் பூசிய பிளாஸ்டர் அலைகளுக்கு நடுவே, மூக்கைத் தூக்கியபடி பாதி உடம்பு உள்ளே போன பொம்மைக் கப்பல். இது எதிரியின் கப்பல், இதை நம் ஆட்கள் எப்படி அடித்தார்கள் தெரியுமா என்று, விளக்கம் சொல்ல வந்த இளைஞர் இந்தியில் உற்சாகமாகச் சொல்லி முடித்தார். எங்கள் தாராவிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாப், இஸ்மே கித்னா ஆத்மி தா?"

இதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டவர், பெண் பிள்ளைகளுக்குத் துணையாக எங்களோடு வந்திருந்த ஒரு மாணவியின் அம்மா. நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்றார் இளைஞர். அந்தம்மா அதோடு விடவில்லை. அவர்களுக்கெல்லாம் நீந்தத் தெரியுமா, மேலே வந்தவர்களை யாராவது தூக்கினார்களா, கரையில் ஒதுங்கியவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்று கேட்பதுபோல் இருந்தது. இளைஞர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் பிள்ளைகளை அடுத்த அறைக்கு ஓட்டினேன். அந்தம்மா மட்டும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

நான் அப்போது தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. வீடு செம்பூரில். எங்கள் ஹெட்மாஸ்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆண்டுக்கு ஒரு சுற்றுலா போக வேண்டும், அது தண்ணீர் விளையாட்டுப் பூங்காவாக இருக்கக் கூடாது. போர் நினைவிடங்கள், ராணுவக் கல்லறைகள், கோட்டைகள், இவைதான். நாட்டுக்காக உயிரை விட்டவர்களைப் பிள்ளைகள் போய்ப் பார்க்கட்டும் என்பார். பெண் பிள்ளைகளோடு பெண்கள் யாராவது வர வேண்டும் என்பது விதி. பெரும்பாலான அம்மாக்கள் விடிந்ததும் மாட்டுங்கா, மாஹிம் பக்கம் வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இந்தம்மாவுக்கு இரவு வேலை. பகலில் தூங்க வேண்டியவர், தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார். மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது வரத் தொடங்கியவர், அவள் பத்து முடித்துக் கல்லூரிக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை. டிசம்பர் பிறந்ததும் பள்ளி வாசலில் வந்து நிற்பார். "இந்த வருசம் எங்க டீச்சர்?" என்பார்.

எல்லோருக்கும் அவர் அக்கா. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் அக்கா, எனக்கும் அக்கா, ஹெட்மாஸ்டருக்கும் அக்கா. குட்டையான உருவம், தடித்த மணிக்கட்டு. நைலான் சேலையைத் தோளில் ஊக்கு குத்திப் போட்டிருப்பார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு துண்டு, தேங்காய் எண்ணெய், பெரிய பல் வைத்த ஒரு சீப்பு. எந்த நினைவிடமாக இருந்தாலும் வாசலில் பிள்ளைகளை நிறுத்தி ஒவ்வொரு தலையாக வாரிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவார். பையன்களுக்கும் விலக்கு இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பரட்டையான தலைகளையெல்லாம் எண்ணெய் தொட்டுப் படிய வைப்பார். "பெரியவங்கள பாக்கப் போறோம்லா, ஒழுங்கா நில்லுட்டி" என்று பெண் பிள்ளைகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்துவார். காற்று வாங்கப் போவதுபோல் வந்த பிள்ளைகள் அந்தச் சீப்புக்குப் பிறகு கொஞ்சம் அடங்கித்தான் நடக்கும்.

அவர் கேட்பது எப்போதும் ஒன்றைத்தான். அந்தப் பக்கத்து ஆளுக எங்க?

ஒரு கோட்டைக்குப் போனால், இங்கே இத்தனை பேர் வீரமரணம் அடைந்தார்கள் என்று பலகையில் எழுதியிருக்கும். படித்துச் சொல்லச் சொல்வார். சொன்னதும் தலையாட்டுவார். பிறகு, மதில் ஏறி வந்து விழுந்தவர்களை எங்கே போட்டார்கள் என்பார். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் வாட்ச்மேனைக் கேட்பார், டிக்கெட் கிழிப்பவரைக் கேட்பார். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதையும் ஒரு பதிலாக வாங்கிக்கொள்வார். பள்ளத்தாக்கைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு இது சங்கடமாக இருந்தது. பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருந்தது. அக்கா கேட்கப் போறாங்க என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள்.

புனேயில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போன அன்றுதான் அது வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

தாராவியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். வெட்டி விட்ட புல், ஒரே உயரத்தில் வெள்ளைக் கற்கள், எங்கே நின்று பார்த்தாலும் நேர்கோடு. ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு பூச்செடி. செத்தவங்களுக்கு இவ்வளவு இடமா என்று ஒரு பையன் என்னிடம் மெதுவாகக் கேட்டான். அவன் வீட்டில் ஏழு பேர் ஒரே அறையில் படுப்பவர்கள். அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரிசை வரிசையாக நடந்தார். ஒரு வரிசையைக்கூட விடவில்லை. கடைசியில் ஓர் ஓரத்துக் கல்லின் முன் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். மற்ற கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் இருக்க, இதில் ஏன் எழுத்து குறைவாக இருக்கிறது என்று கேட்டார். இவர் யார் என்று தெரியவில்லை, பெயர் தெரியாத போர்வீரர் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"பேர் தெரியாது. எந்தப் பக்கம்னு தெரியுமா?"

இந்தப் பக்கத்து ஆள்தான் அக்கா, போட்டிருந்த உடுப்பை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றேன்.

"துணிய வச்சா டீச்சர்? துணிய நாங்க மொத வேலையா கழத்திருவோமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னார். சயான் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. வார்டு ஆயா என்றுதான் பள்ளியில் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் இருந்தது பிணவறையில். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த மறு ஆண்டே அந்த வேலைக்குச் சேர்ந்தவர். வந்த உடம்பின் துணியைக் கழற்றி, துடைத்து, தலை வாரி, வெள்ளைத் துணி சுற்றி வைக்க வேண்டும். தலை வாரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அது அவராகச் செய்தது. வீட்டு ஆட்கள் வந்து பார்க்கும்போது தலை கலைந்து கிடந்தால் அவர்களுக்குத் தாங்காது என்றார்.

"துணி இல்லன்னா எல்லாரும் ஒண்ணுபோலத்தான் கெடப்பாவ. பெத்தவ வந்துதான் பிரிச்சுச் சொல்லணும்."

இந்தச் செய்தி எப்படியோ பிள்ளைகளுக்குக் கசிந்துவிட்டது. திரும்பும் ரயிலில் லோணாவளா வருவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது, பிணங்களுக்கு வாருவதும் அதே சீப்புதான் என்று. ஒருத்தி தலையை அவிழ்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அக்கா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அங்கே வைத்திருப்பது இரும்புச் சீப்பு, அது ஆஸ்பத்திரி அலமாரியை விட்டு வெளியே வராது, இது என் மகளோட சீப்பு என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பிள்ளை நம்பிவிட்டது. நான் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளின் தலையைத் தொடும்போதெல்லாம் அந்தக் கைகளைப் பார்ப்பேன். பயத்திலா, மரியாதையிலா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

அவரைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் குடியிருந்த சந்து முழுவதையும் இடித்து எல்லோரையும் மாற்றிவிட்டார்கள். மகளைத் தேவ்நார் பக்கம் கட்டிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நானும் பள்ளி மாறினேன். இருந்தாலும் செய்தியில் எங்கேயாவது இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று வாசிக்கும்போது, அடுத்த வாக்கியத்தை அவர் குரலில் நானே கேட்டுக்கொள்கிறேன். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

நான் தாராவிப் பள்ளியில் இருந்தபோது ஒரு வருடம் ஹெட்மாஸ்டர் பெரிய ஏற்பாடு ஒன்று செய்தார். ஓர் அறக்கட்டளை உதவியது. கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கார்கில் போர் நடந்த திராஸுக்கே கூட்டிப் போவது. ஜம்மு வரை ரயில், அங்கிருந்து பஸ். ராணுவ அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. துணைக்கு அக்கா வருகிறார் என்று தெரிந்ததும் ஒரு தகப்பனார் பள்ளிக்கு வந்தார். தோல் பை பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம்தான். மகள் எங்களோடு வருவதாக இருந்தது. அவர் சத்தம் போடும் ஆள் அல்ல. ஹெட்மாஸ்டரின் மேசைக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தம்பி ராணுவத்தில், அதே எல்லையில், பனியில் நிற்கிறான். போன சுற்றுலாவில் இந்தம்மா எதிராளிகளைப் பற்றி விசாரித்ததாக மகள் வந்து சொல்லியிருக்கிறாள். அக்காவையும் அழைத்திருந்தார்கள். அவரைப் பார்த்துத்தான் தகப்பனார் கேட்டார்.

"எந்தம்பி அங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கான். நீ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி, அவனச் சுட வர்றவனுக்கு அழுவியாம்மா?"

"அழல அண்ணாச்சி. எங்க இருக்காவன்னுதான் கேட்டேன்."

"அத ஏன் நீ கேக்கணும்?"

அக்கா சரியான பதிலைத் தேடுகிறார் என்று தெரிந்தது. கடைசியில், தெரியலண்ணாச்சி, கேக்காம வர முடியல என்று மட்டும் சொன்னார். தகப்பனாரின் முகத்தில் தெரிந்தது வெறும் கோபம் இல்லை. போன் மணி அடித்தாலே பதறும் வீட்டின் முகம் அது. அதனால் எனக்கு அவர்மேலும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஹெட்மாஸ்டர் இருவருக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா வரலாம், ஆனால் அங்கே எதுவும் கேட்கக் கூடாது. ராணுவ இடம், பிள்ளைகளின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றார். வாயைத் திறக்க மாட்டேன் சார் என்று அக்கா சொன்னார். ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பி, டீச்சர், உங்க பொறுப்பு என்றார்.

ராஜஸ்தான் வழியாக ரயில் போய்க்கொண்டிருந்த மத்தியானத்தில், பிள்ளைகள் வெயிலுக்குச் சுருண்டு தூங்கியபோது, அன்று தகப்பனாரிடம் சொல்லத் தெரியாத பதிலை அக்கா என்னிடம் சொன்னார். அதைப் பதில் என்று சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வந்தது. பம்பாய்க் கலவரம் நடந்தபோது அவர் வேலைக்குப் புதுசு. தாராவியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் உடல்கள் வந்தபடி இருந்தன. அறை போதாமல் தாழ்வாரத்தில் வரிசையாகக் கிடத்தி, ஆளுக்கொரு துணி போட்டு மூடி வைத்தார்கள். ஆட்கள் தேடி வருவார்கள். இந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள், அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். ஒவ்வொரு துணியாகத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள்.

"நம்ம ஆளு இல்லன்னு தெரிஞ்சதும் துணிய அப்பிடியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவாவ டீச்சர். திரும்ப மூடக்கூட மாட்டாவ. ரெண்டு பக்கமும் அப்பிடித்தான். குத்தம் சொல்ல முடியாது, அவுகவுக பதற்றம் அவுகளுக்கு. நான் பின்னாலயே போயி ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே வருவேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே இருந்த வறண்ட காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். தூங்கும் பிள்ளைகளில் ஒருத்தியின் துப்பட்டா நழுவிக் கிடந்தது. எடுத்து அவள்மேல் போட்டார்.

திராஸைப் பற்றி நான் படித்துக்கொண்டு போனது எதுவும் அந்த இடத்துக்குப் போதவில்லை. சோஜிலா கணவாயைத் தாண்டும்போது பஸ்ஸின் இரண்டு பக்கமும் பஸ்ஸைவிட உயரமாகப் பனிச் சுவர். பிள்ளைகள் கத்துவார்கள் என்று நினைத்தேன். ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நினைவிடத்தின் பின்னால் மலைகள் எழும்பி நிற்கின்றன. அவற்றில்தான் சண்டை நடந்தது. கீழே நின்று பார்த்தால், இதில் மனிதன் எப்படி ஏறியிருக்க முடியும், அதுவும் மேலேயிருந்து சுடச் சுட, என்றுதான் தோன்றும். சிவப்புக் கல் சுவரில் பெயர்கள். பிள்ளைகள் தமிழ்ப் பெயர்களைத் தேடினார்கள். ஒன்று கிடைத்ததும் பட்டறைக்காரரின் மகள் விரலால் அதை எழுத்தெழுத்தாகத் தடவினாள். அவளுடைய சித்தப்பாவை நினைத்திருப்பாள்.

எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்த சுபேதார் வேலூர்ப் பக்கத்துத் தமிழர். பம்பாயிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று அவரைத் தேடி அனுப்பியிருந்தார்கள். போர் நடந்தபோது அவர் புதிதாகச் சேர்ந்த சிப்பாய். மலைகளை ஒவ்வொன்றாகக் கைகாட்டி, எங்கேயிருந்து ஏறினார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள், தண்ணீருக்குப் பதில் பனியைத் தின்றது, குண்டடிபட்ட நண்பனைக் கயிறு கட்டி இறக்கியது எல்லாவற்றையும் அலங்காரம் இல்லாமல் சொன்னார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

எல்லோரும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். அக்கா நகரவில்லை. சேலைமேல் ஆண்கள் போடும் ஒரு பெரிய ஸ்வெட்டர், தலையில் துண்டு. பெயர்ச் சுவரைப் பார்த்து முடித்துவிட்டு, அதைத் தாண்டி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுபேதார் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தார். என்னம்மா பார்க்கிறீங்க என்றார். அக்கா தலையை ஆட்டினார். ஏதாவது கேட்கணுமா என்றார் அவர்.

"கேக்க மாட்டேன்னு எங்க ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லிருக்கேன் சார்."

சுபேதார் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒண்ணுமில்லை சார், வாங்க போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். என் பொறுப்பு என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் மூன்று நாள் பயணம் செய்து வந்த ஒருத்தி, கொடுத்த வாக்குக்காக வாயை இறுக மூடிக்கொண்டு அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளைத் தாண்டி நடக்க என்னால் முடியவில்லை.

"அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம் சார்" என்றேன். பள்ளிக்கூடத் தமிழில்தான் வந்தது. "அங்கே இறந்துபோன அவர்களுடைய ஆட்கள்."

சுபேதார் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். பட்டறைக்காரரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேலதான் இருக்காங்க. நாங்கதான் பொதைச்சோம்."

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் சொன்னார். முதலில் நம் ஆட்களை இறக்கினார்கள். பிறகு மேலே கிடந்த அவர்களுடைய ஆட்கள். அவர்களைக் கீழே கொண்டுபோகும் நிலைமை இல்லை. அங்கேயே புதைக்கும்படி உத்தரவு வந்தது. மண் என்று ஒன்று இல்லை, எல்லாம் பாறையும் உறைபனியும்தான். கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். முழங்கால் ஆழம் தோண்டவே பாதிப் பகல் போகும், மீதிக்குக் கல்லை அடுக்கினார்கள். பக்கத்து யூனிட்டில் இருந்த ஒரு முஸ்லிம் சிப்பாய் தொழுகை சொன்னான். மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாததால் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்றார்கள்.

"ரெண்டு நாள் முன்னாடி உயிரோட கையில கெடைச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். என் ஃப்ரெண்டக் கொன்னவங்க. ஆனா தோண்டும்போது அந்தக் கோவம் எங்க போச்சுன்னு தெரியல" என்றார்.

இனி கேட்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மொகம் எந்தப் பக்கமாப் பாக்க வச்சிய?"

"மேற்கே. அந்த முஸ்லிம் பையன் காட்டிக் குடுத்தான்."

"மேல துணி?"

சுபேதார் மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இறந்தவர்களில் ஒருவன் சின்னப் பையன். ராணுவ கோட்டுக்கு உள்ளே வீட்டில் பின்னிய ஸ்வெட்டர் போட்டிருந்தான். கழுத்துக்கிட்ட வரும்போது நூல் தீர்ந்திருக்கும் போல, கடைசி இரண்டு வரி மட்டும் வேறு நிறம். பின்னியவள் அம்மாவோ அக்காவோ. அதை மட்டும் கழற்ற வேண்டாம் என்று இவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அப்படியே வைத்து மூடினார்கள்.

"நல்லதுய்யா. குளிரும்லா" என்றார் அக்கா.

அதைச் சொன்னபோது அவர் சுபேதாரின் முழங்கையை லேசாகத் தொட்டார். சீருடை போட்ட ஒருவரை அப்படித் தொடலாமா என்ற யோசனையெல்லாம் அவருக்கு இல்லை. பிறகு மலையைப் பார்த்து நின்றார். சுபேதாரும் நின்றார். பிள்ளைகளை வரிசையாக நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களாகவே நின்றார்கள். அதுவரை செல்ஃபிக்குப் பின்னணியாக இருந்த மலை, ஆட்கள் படுத்திருக்கும் மலையாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் அவ்வளவு நேரம் அசையாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் ஹெட்மாஸ்டருக்குப் போன் செய்து, நான்தான் கேட்டேன், அக்கா வாயைத் திறக்கவில்லை என்று சொன்னேன். "பதில் சொன்னாங்களா டீச்சர்?" என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். வந்து விவரமாகச் சொல்லுங்க என்று வைத்துவிட்டார்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம், நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோவைக் கொடுப்பதற்காக அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அறை, நடுவில் இரும்பு ஏணி. கீழ் அறை வாசலில் அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சந்து அகலம் ஒரு ஆள் போக மட்டும். நான் உட்கார்ந்து டீ குடிக்கத் தொடங்கியதும் பட்டறைக்காரர் வந்தார். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. பரவாயில்லை, டீச்சரும் இருக்கட்டும் என்றார். மகள் வந்ததிலிருந்து இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறாளாம். அந்த ஸ்வெட்டர் கதையை அவளுடைய அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாளாம்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். உட்காருங்கண்ணாச்சி என்றார். அவர் உட்காரவில்லை. கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சண்டைக்கு வரவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் கேட்க வந்தது வேறு.

"எந்தம்பிக்கு நாளைக்கு ஏதாவது ஆயி, அவன் அந்தப் பக்கத்துல விழுந்துட்டான்னு வையி. அவனுவளும் இப்பிடிச் செய்வானுவளா?"

செய்வார்கள் என்று ஆறுதலுக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. பொய் சொல்லி அனுப்பும் பழக்கம் அவருக்கு வேலையிலேயே கிடையாது போலும்.

"எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி" என்றார். பிறகு முறத்திலிருந்த அரிசியை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னார்: "ஆனா அங்கயும் ஒருத்தி கேட்டுக்கிட்டு இருப்பா. அவ கேக்கத கேட்டு யாராவது செய்வாவ."

பட்டறைக்காரர் டீ வேண்டாம் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு சந்துக்குள் இறங்கி, நாலடி நடந்து, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தம்பிக்குத்தான் போடுகிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. எல்லையில் எல்லா நேரமும் லைன் கிடைக்காது. காதில் வைத்துக் கேட்டார், கட் செய்தார், மறுபடி போட்டார். குடத்தோடு வந்த ஒரு பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அக்கா முறத்தை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மறுபடி போட்டார்.